பாக்டீரியாவுக்குப் பெயர் சூட்டுவது எப்படி?

கடற்கரைக்குச் சென்று திரும்பும் பிள்ளைகளின் காற்சட்டைப் பையில் மணல் இருக்கும். பெற்றோர் அதனை உதறிக் கொட்டிவிடுவர். சென்ற ஆண்டு நம் பள்ளியின் கல்விச் சுற்றுலாவில் தெசாரு கடற்கரைக்குச் சென்று வந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு மைலோ டின் நிறைய ஈர மணலை அள்ளிக்கொண்டு வந்தாள். எதற்கம்மா என்று கேட்டேன். "மணலிலும் உயிர் இருக்கிறது என்று அறிவியல் பாடத்தில் சொன்னீர்களே, ஐயா" என்றாள். சொன்னவன் நான், ஆகவே அதனைக் காட்ட வேண்டிய கடனும் என்னுடையதாயிற்று.

சிற்றுண்டிச் சாலையில் அகர்-அகரை உப்பும் கோழிச்சாறும் சேர்த்துக் காய்ச்சினோம். கொதிநீரில் இட்டெடுத்த கண்ணாடித் தட்டொன்றில் அதனை ஊற்றி உறைய வைத்தோம். மணலைக் கொதித்து ஆறிய நீரில் கலக்கி, அந்நீரில் ஒரு துளியை மேலே தடவி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, அறிவியல் மூலையில் வைத்தோம். மணல் எடுத்த இடத்தையும் நாளையும் எழுதிய சீட்டு ஒன்றை அம்மாணவியே மூடியின்மேல் ஒட்டினாள். மூன்றாம் நாள் காலையில் வெண்மையும் மஞ்சளுமாகச் சிறு சிறு புள்ளிகள் தோன்றியிருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் செம்மஞ்சள் நிறத்தில் பளபளத்தது. பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டனர். "ஐயா, இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டாள் அவள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே அவளிடம் கூறினேன். முப்பதாண்டுக் காலம் கரும்பலகையின் முன் நின்றவனுக்கு அவ்வாறு கூறுவது எளிதன்று. அக்கேள்விக்கு விடை காண ஓர் ஆய்வுக்கூடமே பல மாதம் உழைக்க வேண்டும் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அவ்வாறு உழைத்து, நமது ஜொகூர் மாநிலத்திலேயே ஒரு புதிய பாக்டீரியாவை இனங்கண்டு பெயரிட்டிருக்கிறார்கள் என்பதையும் அறிந்து வியப்புற்றேன். அவ்வரலாற்றைத்தான் இங்கே கூற முற்படுகிறேன். மாணவர்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குக் காரணம் கட்டுரையின் நடுவில் வரும்.

மணல் என்பது உயிரற்ற கல்துகள் என்றே நாம் எண்ணுகிறோம். ஜெர்மனி நாட்டின் பிரேமன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார் வடகடலின் அடிமணலை எடுத்து, துகள் துகளாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரேயொரு மணல்துகளின்மேல் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்கின்றன என்பது 2018-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு. துகளுக்குத் துகள் உராயும் மேடான பகுதிகளில் அவை குறைவு; குழிகளிலும் வெடிப்புகளிலும் பதுங்கி வாழ்பவையே மிகுதி. நம் மாணவியின் மைலோ டின்னில் எத்தனை கோடி உயிர்கள் பேருந்தேறி வந்தன என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து இன்னது இன்னது என்று பிரித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். தொல்லை தொடங்குவதே அங்கேதான். யானையைத் துதிக்கையால் அறிகிறோம். மயிலைத் தோகையால் அறிகிறோம். பாக்டீரியாவுக்கு அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. சில உருண்டை, சில குச்சி, சில சுருள். ஆயிரக்கணக்கான இனங்கள் இச்சில வடிவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே சீருடை அணிந்து திடலில் நிற்கும் பிள்ளைகளை நீர்த்தொட்டிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்து, எது யார் வீட்டுப் பிள்ளை என்று கூறச் சொன்னால் நம்மால் இயலுமா?

இனம் என்னும் சொல்லின் பொருளை விளக்கத் தோட்ட மக்களுக்குச் செம்பனையை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கொட்டையின் ஓடு தடித்திருந்தால் அது டூரா. ஓடு மெலிந்திருந்தால் தெனேரா. ஓடே இல்லையென்றால் பிசிபேரா. பார்வைக்கு மூன்றும் வேறு வேறு. ஆயினும் மூன்றும் ஓரினமே. டூராவையும் பிசிபேராவையும் கலந்து பிறப்பதுதான் நம் வெளிக்காடுகளில் நடப்படும் தெனேரா. ஓட்டின் இவ்வேறுபாட்டுக்கு ஒரேயொரு மரபணுவே காரணம் என்று மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். பால்மரத்தில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 முதலிய எண் பெற்ற வகைகள் பல உண்டு என்பதை மூத்த தொழிலாளர்கள் அறிவர். அவை யாவும் கூட ஓரினத்துக்குள் அடங்கிய வகைகளே.

ஆகவே, தோற்றத்தில் வேறுபட்டவை ஓரினமாக இருக்கலாம். தோற்றத்தில் ஒன்றாக இருப்பவை இரண்டு இனங்களாகவும் இருக்கலாம். நம் கடற்கரைப் பாக்டீரியாவின் கதை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் தாவரங்கள் அனைத்துக்கும் இரட்டைப் பெயர் வழங்கினார். முதற்பெயர் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது, அப்பேரினத்துள் இன்ன இனம் என்று குறிக்கும். பால்மரத்தின் அறிவியற் பெயர் ஹெவியா பிரசிலியென்சிஸ். செம்பனையின் பெயர் எலேயிஸ் கினீன்சிஸ். இவற்றின் ஈற்றில் வரும் 'என்சிஸ்' என்பது இலத்தீன் விகுதி. அந்த ஊரைச் சேர்ந்தது என்று பொருள். பால்மரம் பிரேசில் நாட்டுக்காரர். செம்பனை ஆப்பிரிக்காவின் கினிக்காரர். நம்மைப் போலவே இருவரும் கப்பலேறி வந்தவர்கள்தாம்! இந்த விகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர்த் தேவைப்படும்.

இனி, ஒரு பாக்டீரியாவை ஆராய வேண்டுமானால் முதலில் அதனைக் கூட்டத்திலிருந்து தனியே பிரிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவ்வாறு பிடித்துத் தனியே வைப்பது? இதற்கு வழி கண்டவர் ஒரு குடும்பப் பெண்மணி என்றால் நம்புவீர்களா? 1881-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் பணியாற்றினார். அக்காலத்தில் விலங்கின் எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில்தான் பாக்டீரியாவை வளர்த்தனர். வெயில் சற்று ஏறினால் ஜெலட்டின் உருகி நீராகிவிடும். போதாக்குறைக்குப் பாக்டீரியாக்களே அதனைத் தின்று கரைத்துவிடும். ஹெஸ்ஸேயின் துணைவியார் ஃபேன்னி, கணவரின் ஆய்வுக்குப் படம் வரைந்தும் கருவிகளைத் தூய்மை செய்தும் உதவி வந்தவர். உங்கள் பழக்கூழும் இனிப்பும் இக்கோடையிலும் எப்படி உருகாமல் நிற்கின்றன என்று கணவர் கேட்க, அவர் அகர்-அகர் என்றார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து இளமையிலேயே கற்றுக்கொண்ட சமையல் நுட்பம் அது.

அன்றிலிருந்து உலகத்தின் ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றிலும் அகர் நுழைந்தது. அகர்-அகர் என்பது மலாய்ச் சொல்; தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் அண்டை வீடுகளில் வண்ண வண்ணமாகத் துண்டு போட்டு வைப்பார்களே, அதேதான். 1887-இல் அதே கூடத்தைச் சேர்ந்த பெட்ரி என்பவர் மூடியுள்ள தட்டைக் கிண்ணத்தை அமைத்தார். இரண்டும் சேர்ந்தன, வேலை எளிதாயிற்று. ஓர் அணு உயிர் அகரின்மேல் விழுந்த இடத்திலேயே இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருகி, நாம் கண்ணால் காணும் புள்ளியாகிறது. ஒரு புள்ளி, ஒரு குடும்பம். அப்புள்ளியை ஊசியால் தொட்டுப் புதிய கிண்ணத்தில் இழுத்து, அதிலிருந்து மறுபடியும் ஒரு புள்ளியை எடுத்து இழுத்து, இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்தால் கலப்பில்லாத தனிக்குடும்பம் கிடைக்கும். இயற்கையில் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இவ்வுணவை ஏற்று வளர மறுத்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிண்ணத்தில் முளைப்பவை சிலவே.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செடெனாக்கிலிருந்து வாகனத்தில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்குள்ள ஆய்வுக்குழுவினர் நம் ஜொகூரின் மணற்கடற்கரை ஒன்றில் கரையோரக் கடல்நீரை எடுத்து, அதிலிருந்து பல பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தனர். அவற்றுள் ஒன்றுக்கு டி5 என்று குறியீடு இட்டனர். பால்மரத்துக்கு 600 என்பது போன்றதே இக்குறியீடும். இன்னும் இனப்பெயர் ஆகாது.

முதற்சோதனை சாயமிடுதல். டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்னும் மருத்துவர் 1884-இல் கண்ட முறை இன்றும் மாறவில்லை. ஊதாச் சாயத்தைத் தோய்த்து, அயோடின் இட்டு, பின்னர்ச் சாராவியால் கழுவினால் சில பாக்டீரியாக்கள் சாயத்தை விடுவதில்லை, சில விட்டுவிடுகின்றன. அவற்றின் புறச்சுவர் தடித்ததா மெலிந்ததா என்பதை அது காட்டுகிறது. டி5 சாயத்தை விடவில்லை. குச்சி வடிவம். மேலும் அது வித்தணு உண்டாக்கும் இனம். அதாவது, உணவு அற்றுப் போனாலும் வெயில் வாட்டினாலும் தன் உயிர்ச்சரக்கைக் கெட்டியான உறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, நல்ல காலம் வரும் வரை உறங்கும். பகலில் சுடும் மணலும் இரவில் குளிரும் உப்பும் மழையும் மாறி மாறி வரும் கடற்கரையில் அது பெரிய செல்வம்.

ஆனால் வித்தணு உண்டாக்கும் குச்சிகள் உலகில் எத்தனையோ. எனவே அடுத்த கட்டமாக அதன் மரபெழுத்தைப் படிக்க வேண்டும். எல்லா உயிர்களின் அணுக்களிலும் புரதம் செய்யும் சிறு ஆலைகள் உண்டு. அவற்றை ரைபோசோம் என்பர். அவ்வாலையின் ஓர் உறுப்புக்குரிய மரபணு பாக்டீரியாவில் ஏறத்தாழ 1,500 எழுத்துகள் நீளமுள்ளது. புரதமின்றி உயிரில்லை, ஆகையால் இம்மரபணு தலைமுறை தலைமுறையாக மிக மெதுவாகவே மாறுகிறது. அதனை உறவு காட்டும் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று அமெரிக்க அறிஞர் கார்ல் ஊஸ் 1977-இல் தம் துணைவருடன் சேர்ந்து மெய்ப்பித்தார். இரு பாக்டீரியாக்களின் எழுத்துகள் நூற்றுக்கு 98.7-க்குக் குறைவாக ஒத்திருந்தால் அவை பெரும்பாலும் வேறு வேறு இனங்களே என்று இன்று கொள்கின்றனர். அதற்கு மேல் ஒத்திருந்தாலோ, ஒன்றென்றும் கூற இயலாது. வேறென்றும் கூற இயலாது.

டி5-இன் எழுத்துகளைப் படித்தனர். கொரியா நாட்டில் 2001-இல் பெயரிடப்பட்ட ஜியோட்கலிபாசில்லஸ் அலிமென்டாரியஸ் என்னும் பாக்டீரியாவோடு அது நூற்றுக்கு 99.87 ஒத்திருந்தது. 1,500 எழுத்துகளில் ஏறக்குறைய இரண்டே எழுத்து வேறுபாடு! அவசரக்காரர் எவராயினும் என்ன செய்திருப்பார்? "இது ஏற்கெனவே தெரிந்த இனந்தான்" என்று குறிப்பேட்டை மூடிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போயிருப்பார். வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது நானும் அவ்வாறு பல முறை செய்திருக்கிறேன். முதல் வரியைப் பார்த்ததும் இருவர் விடையும் ஒன்றென்று எண்ணி, ஒருவனைப் பார்த்து எழுதியதாகக் குற்றம் சாட்டியதும் உண்டு. பின்னர் வருந்தியதும் உண்டு.

ஸ்கூடாய்க் குழுவினர் மூடவில்லை. 1,500 எழுத்து என்பது பாட்டின் பல்லவி போன்றது. இரு பாடல்களின் பல்லவி ஒன்றாக இருந்தாலும் சரணங்கள் வேறாக இருக்கலாமன்றோ? ஒரு பாக்டீரியாவின் முழு மரபுச்செய்தியோ இலட்சக்கணக்கான எழுத்துகளால் ஆனது. முழுப் பாட்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். அதற்கு ஒரு முறை உண்டு. டி.என்.ஏ. என்னும் மரபிழை இரு புரிகளால் முறுக்கிய கயிறு போன்றது. சூடாக்கினால் இரு புரிகளும் பிரியும். ஆறினால், ஒன்றுக்கொன்று இசைந்த புரிகள் மீண்டும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பாக்டீரியாக்களின் புரிகளைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றாகக் கலந்து ஆற வைத்தால், அவை எந்த அளவுக்கு ஒன்றோடொன்று இணைகின்றன என்பதை அளக்கலாம். நூற்றுக்கு 70-க்கு மேல் இணைந்தால் ஓரினம் என்று 1987-இல் அனைத்துலக வல்லுநர் குழு ஒன்று வரையறை செய்தது. இன்று முழு எழுத்துகளையும் படித்துக் கணினியில் ஒப்பிடும் முறையும் வந்துவிட்டது. கேள்வி மட்டும் அதேதான்.

கொரிய இனத்தின் மாதிரி ஜப்பானியச் சேகரிப்பு நிலையத்தில் 10872 என்னும் எண்ணோடு வைக்கப்பட்டிருந்தது. அதனையும் டி5-ஐயும் பக்கத்தில் பக்கமாக வைத்துச் சோதித்தனர். கிடைத்த விடை 26.3. எழுபது எங்கே, இருபத்தாறு எங்கே! பல்லவியில் இரட்டைப் பிறவிகளாகத் தோன்றியவை சரணத்தில் வேறு வேறு இனங்கள் என்பது தெளிவாயிற்று.

இக்கதையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு தந்தை குறுக்கிட்டு, "கண்ணுக்கே தெரியாத பூச்சி ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன, சார்? நமக்கு அதனால் என்ன வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறச் சிறிது நேரம் கடலை விட்டுத் தோட்டத்து மண்ணுக்கு வர வேண்டும்.

1911-ஆம் ஆண்டில் ரங்கூன் நகர மருத்துவமனையில் அல்பிரெட் விட்மோர் என்னும் மருத்துவரும், அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணங்களை அறுத்து நோய்க்காரணம் தேடும் பணியில் இருந்தனர். சிலரது நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகள் கண்டனர். அதிலிருந்து வளர்த்த பாக்டீரியா, குதிரைகளுக்கு வரும் ஒரு கொடிய நோயின் கிருமியைப் போலவே இருந்தது. ஆனால் குதிரைக் கிருமி அசையாதது. இதுவோ நீந்திச் சென்றது. அகரின்மேல் அதைவிட விரைவாகவும் வளர்ந்தது. இது வேறு என்று துணிந்து 1912-இல் எழுதினர். அதே கிருமியைக் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஸ்டான்டன், ஃபிளெச்சர் என்னும் இருவர் மலாயாவிலும் கண்டு, அந்நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று 1921-இல் பெயரிட்டனர். நனைந்த மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் கிருமி அது. காயத்தின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலுக்குள் நுழையும். நீரிழிவு உள்ளவர்களை அது மிகுதியும் தாக்கும். மழைக்காலத்தில் பெருகும். நம் நாட்டில் இன்றும் அது இருக்கிறது.

பாக்டீரியா ஒன்றா இரண்டா என்னும் கேள்வி இங்கே உயிர்க் கேள்வியாகிறது. அதே மண்ணில், அதே தோற்றத்தில், மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத மற்றொரு பாக்டீரியாவும் வாழ்கிறது. நெடுங்காலம் இரண்டையும் ஓரினமென்றே கருதினர். 1998-இல்தான் தீங்கற்றதைப் பிரித்து, தாய்லாந்தின் பெயரால் தனியினமாக்கினர். அரபினோஸ் என்னும் ஒரு சர்க்கரையை உண்டு வளரும் ஆற்றல் தீங்கற்றதற்கு உண்டு, கொடியதற்கு இல்லை என்பது இரண்டையும் பிரித்தறியும் சோதனைகளுள் ஒன்று. கொடிய கிருமி, பென்சிலின் போன்ற வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காது. செப்டாசிடிம் என்னும் மருந்தை வடகிழக்குத் தாய்லாந்தில் சோதித்தபோது, கடுமையாக நோயுற்றோரில் இறப்பு நூற்றுக்கு 74-இலிருந்து 37 ஆகக் குறைந்தது என்று 1989-இல் அறிவித்தனர். ஆகவே கிருமியின் பெயர் தெரிந்தால்தான் மருந்தின் பெயர் தெரியும்.

நான் முன்பு பணியாற்றிய தோட்டத்தில், கால்வாய் வெட்டும் வேலையில் இருந்த ஒருவர் காலில் சிறு காயத்தோடு காய்ச்சலில் விழுந்தார். அவர் நீரிழிவு நோயாளி. குருதியை வளர்த்துப் பார்த்த முதற்சோதனையில், மண்ணிலிருந்து தவறி விழுந்த கலப்படக் கிருமி என்று ஒதுக்கிவிட்டனர். ஏறத்தாழ ஒரு வாரம் வீணாயிற்று. மறுசோதனையில்தான் உண்மை வெளிப்பட்டு, மருந்தை மாற்றினர். அவர் பிழைத்துக்கொண்டார். ஊசிமருந்துக்குப் பின் பல மாதம் மாத்திரை உண்ண வேண்டியிருந்தது. வேலைக்குப் போக இயலவில்லை. அவருடைய மகன் என் மாணவன். அவ்வாண்டு அவன் பள்ளிக்கு வந்த நாள்களை விட வராத நாள்களே மிகுதி. காரணம் தெரியாமல் அவனை ஒருமுறை நான் கடிந்துகொண்டேன்.

மண்வேலை செய்வோர் பூட்ஸ் அணிவதும், காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி மூடுவதும் நன்று. காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போகும்போது, "நான் மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்பவன், எனக்கு இனிப்பு நீர் உண்டு" என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். எக்கிருமியைத் தேட வேண்டும் என்பதற்கு அது குறிப்பாக உதவும். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பலாகாது என்று எவரும் எண்ண வேண்டாம். பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. தயிர் உறைவதும் அவற்றால்தான்.

மீண்டும் டி5-க்கு வருவோம். எழுத்தைப் படித்ததோடு ஆய்வு நிற்கவில்லை. அதன் உடலில் உள்ள கொழுப்பையும் பிரித்துப் பார்த்தனர். செம்பனை எண்ணெயில் மிகுதியாக இருப்பது 16 கரியணுக்கள் வரிசையாக நிற்கும் பால்மிட்டிக் அமிலம் என்பதை ஆலையில் பணிபுரியும் பெற்றோர் அறிந்திருக்கக்கூடும்; பனையின் பெயரால் வந்ததே அப்பெயர். டி5-இல் மிகுதியாக இருந்தவையோ 15 கரியணுக்கள் கொண்டு, நுனியில் கிளை பிரிந்த இருவகைக் கொழுப்பமிலங்கள். புறச்சுவரின் அமைப்பு, மூச்சுவினைக்கு உதவும் பொருள்கள் ஆகியவற்றையும் ஆராய்ந்து குறித்தனர். அதன் மரபிழையின் நான்கு எழுத்துகளில் இரண்டு மட்டும் நூற்றுக்கு 43 பங்கு இருந்தன. இவையெல்லாம் சேர்ந்துதான் அதன் அடையாள அட்டை.

இனிப் பெயர். பேரினம் ஏற்கெனவே உள்ளது: ஜியோட்கலிபாசில்லஸ். கொரியர்கள் மீனையும் இறாலையும் உப்பிலிட்டுப் புளிக்க வைக்கும் உணவுக்கு ஜியோட்கல் என்று பெயர். நம்மூர்ச் சிஞ்சாலோக்குக்கு உறவு என்று கொள்ளலாம். அவ்வுணவில் முதன்முதலாகக் கண்ட குச்சிப் பாக்டீரியா என்பதால் பேரினத்துக்கு அப்பெயர் வாய்த்தது. ஊறுகாய்ச் சாடியில் கண்ட உயிரின் நெருங்கிய உறவு நம் கடலோரத்தில் இருப்பதில் பெரிய வியப்பில்லை. இரண்டு இடத்திலும் உப்பு உண்டு. இரண்டாம் பெயரை ஸ்கூடாய்க் குழுவினர் நம் நாட்டின் பெயரால் அமைத்தனர். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விகுதி இங்கே வருகிறது: மலேசியென்சிஸ். ஜியோட்கலிபாசில்லஸ் மலேசியென்சிஸ். பால்மரம் பிரேசில்காரர், செம்பனை கினிக்காரர், இச்சிற்றுயிர் மலேசியர்.

பெயர் வைத்தோம் என்று தம் வீட்டுச் சுவரில் எழுதிக்கொண்டால் போதாது. முற்காலத்தில் ஒரே பாக்டீரியாவுக்கு நாட்டுக்கு ஒரு பெயர், அறிஞருக்கு ஒரு பெயர் என்று குழப்பம் மலிந்திருந்தது. ஆகவே 1980 சனவரி முதல் நாளில் ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை அனைத்துலகக் குழு வெளியிட்டு, அதில் இல்லாத பழம்பெயர்கள் செல்லுபடியாகா என்று அறிவித்தது. அதன் பின்னர் வரும் புதுப்பெயர் எதுவாயினும் அதற்கென உள்ள அனைத்துலக ஏட்டின் வழியாகவே நிலைபெற வேண்டும். டி5 பற்றிய கட்டுரை அவ்வேட்டில் 2015-இல் வெளிவந்தது.

மற்றொரு விதியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அதுவே. பெயர் பெற்ற பாக்டீரியாவின் உயிருள்ள மாதிரியைக் குறைந்தது இரு வேறு நாடுகளின் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். எவருக்கேனும் ஐயம் எழுந்தால், எங்கள் சொல்லை நம்புங்கள் என்று கூறாமல், இதோ எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கொடுப்பதற்காக. ஜெர்மனி நாட்டு நிலையத்தில் 28777 என்னும் எண்ணிலும் கொரிய நிலையத்தில் 33550 என்னும் எண்ணிலும் நம் கடற்கரை உயிர் வைக்கப்பட்டுள்ளது. நாளை வேறெந்தக் கடற்கரையிலேனும் அதன் சாயலுள்ள ஒன்றை எவரேனும் கண்டால், டி5-ஐக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது புதியதென்று கூற முடியும். கொரிய இனத்துக்கு ஸ்கூடாயில் செய்தது போலவே.

ஜொகூரின் பாக்காவ் மரக் காட்டுச் சேற்றிலிருந்தும் ஒரு புதிய பாக்டீரியா 2020-இல் பெயர் பெற்றது. அதன் பேரினத்துக்கு முன்பே வழங்கிய பெயர் ராபர்ட்காக்கியா. அகர் கதையில் வந்த அதே ராபர்ட் காக்கின் நினைவாக வைத்த பெயர்.

எங்கள் அறிவியல் மூலையின் செம்மஞ்சள் புள்ளிக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. வளர்ந்த கிண்ணத்தைப் பள்ளியில் திறந்து ஆராய்வது தகாது. அதற்குரிய வசதியும் நம்மிடமில்லை. இரண்டாம் வாரத்தில் கையுறை அணிந்து, வெளுப்பு நீரில் ஒரு நாள் முழுதும் அமிழ்த்தி வைத்து அதனை அழித்துவிட்டோம். அதற்கு முன்பே அம்மாணவி மூடியிலிருந்த சீட்டை உரித்தெடுத்துத் தன் அறிவியல் ஏட்டில் ஒட்டிக்கொண்டாள். இடம், தெசாரு என்று அதில் இருக்கிறது, நாளும் இருக்கிறது. கீழே, பெயர் என்னும் சொல்லை எழுதி, அதன் எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறாள்.